மூலையில் தெரியும் சூரியனை நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கண்டு மகிழும் விஷயங்களில் ஒன்று, திரையின் கீழ் மூலையில் தெரியும் வானிலைப் படம். சூரியன், மேகம் அல்லது மழைத்துளி, பக்கத்தில் வெப்பநிலை. நாம் எதையும் கேட்காமலேயே தானாக வந்து நிற்கும். அதில் சூரியன் இருந்தால் இன்று மழை இல்லை என்று முடிவு செய்து விடுகிறோம். இந்தப் பழக்கம் சரியல்ல என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

சோழபுரத்தில் எங்கள் அடுத்த தெருவில் இருக்கும் விவசாயி ஒருவர், மகனின் படிப்பிற்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரு தை மாதத்தில், அறுத்த மக்காச்சோளத்தைக் களத்தில் காயப் போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சென்றிருந்தார். பிற்பகலில் மேற்கு மலைப் பக்கம் கறுத்து, நல்ல மழை கொட்டிவிட்டது. மாலையில் என்னிடம் வந்தவர், "அண்ணாச்சி, காலையில கம்ப்யூட்டர்ல பார்த்துட்டுத்தானே போனேன். வெயில்னுதானே போட்டிருந்துச்சு?" என்று கேட்டார். அவர் வீட்டிற்குச் சென்று பார்த்தேன். படம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது சென்னையின் வானிலை!

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மொபைல் போனில் ஜி.பி.எஸ். வசதி இருப்பதால் நாம் இருக்கும் இடம் அதற்குத் தெரியும். மேஜைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. எனவே இன்டர்நெட் இணைப்பின் ஐ.பி. முகவரியை வைத்து, நாம் எங்கே இருக்கிறோம் என்று அது ஊகிக்கிறது. அந்த முகவரி சென்னையிலோ மதுரையிலோ பதிவாகி இருந்தால், நீங்களும் அங்கேயே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. முதல் வேலையாக, செட்டிங்ஸ் பிரிவில் லொகேஷன் என்பதைத் தேடிப் பிடித்து, உங்கள் ஊரையோ பக்கத்து நகரத்தையோ நீங்களே அமைத்துவிடுங்கள்.

ஊரைச் சரியாக அமைத்துவிட்டால் போதுமா? போதாது. அது ஏன் என்று தெரிந்துகொள்ள, இந்த முன்னறிவிப்பு எப்படித் தயாராகிறது என்று சற்றுப் பார்ப்போம்.

கட்டம் கட்டமாக ஒரு கணக்கு

வானிலை முன்னறிவிப்பு இன்று முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலை. முதன் முதலில் 1950ஆம் ஆண்டு, அமெரிக்காவின் எனியாக் கம்ப்யூட்டரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த 24 மணி நேர வானிலையைச் சொல்ல, கம்ப்யூட்டருக்கும் கிட்டத்தட்ட 24 மணி நேரம் தேவைப்பட்டது! பூமியின் வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் கணக்குப் போடுவதுதான் முறை. அன்று இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருந்த தூரம் 736 கிலோமீட்டர். இது சோழபுரத்தில் இருந்து சென்னைக்கு உள்ள தூரத்தை விட அதிகம்.

இந்தியாவும் இதில் பின்தங்கி இருக்கவில்லை. 1980களின் இறுதியில் நம் நாடு அமெரிக்காவில் இருந்து வாங்கிய கிரே எக்ஸ்-எம்பி என்ற சூப்பர் கம்ப்யூட்டர், வானிலைக் கணக்கிற்காகவே வாங்கப்பட்டது. 2018ல் புனேயில் பிரத்யுஷ், நொய்டாவில் மிஹிர் என்ற சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்தன. 2024ல் அதே இரு ஊர்களில் அர்கா, அருணிகா ஆகியவை செயல்படத் தொடங்கின. உலக அளவிலான நமது கணக்கின் கட்டம் 12 கிலோமீட்டராக இருந்தது. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு முறையில் அது 6 கிலோமீட்டராகச் சுருங்கியது.

இது பெரிய சாதனைதான். ஆனால் எங்கள் வட்டாரத்தைப் பாருங்கள். இராஜபாளையத்தில் இருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தும் மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் மலையடிவாரம். அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை 1,000 மீட்டருக்கும் மேலே எழுந்து நிற்கிறது. அய்யனார் கோவில் பக்கம் ஆற்றில் தண்ணீர் புரண்டு வரும் நாளில், ஊருக்குள் தூறல்கூட இருக்காது. அருப்புக்கோட்டைப் பக்கம் வெயில் கொளுத்தும். மூன்றுமே ஒரே விருதுநகர் மாவட்டம். 12 கிலோமீட்டர் கட்டத்தில் மலையும் வயலும் ஒன்றாகக் கலந்து சராசரி ஆகிவிடும். 6 கிலோமீட்டரிலும் ஓரளவு அப்படித்தான். மூலையில் தெரியும் படமோ, பெரும்பாலும் இத்தகைய கணக்கில் இருந்து தானாகவே எடுக்கப்பட்டு, மனிதக் கண் படாமல் உங்கள் திரைக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். வானிலை ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை மட்டும் போடுவதில்லை. தொடக்கத் தகவல்களைச் சிறிது மாற்றி மாற்றிப் பல முறை போடுகிறார்கள். நம் நாட்டில் 2018ல் தொடங்கிய முறையில் 21 விடைகள் கிடைக்கின்றன. இருபத்தொன்றும் ஒரே மாதிரி வந்தால் நம்பிக்கை அதிகம். பாதி மழை என்றும் பாதி வெயில் என்றும் வந்தால் சந்தேகம் அதிகம். அதாவது, தனக்கு எவ்வளவு சந்தேகம் என்பதும் கம்ப்யூட்டருக்குத் தெரியும். மூலைச் சூரியன் அந்தச் சந்தேகத்தை மறைத்துவிடுகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

நியூயார்க்கில் பனி, நெல்லைச் சீமையில் மழை

சந்தேகத்தை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது. 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகரில் 50 முதல் 75 சென்டிமீட்டர் வரை பனி கொட்டும் என்று அந்நாட்டு வானிலைத் துறை எச்சரித்தது. சாலைகளில் வாகனங்கள் செல்லத் தடை விதித்தார்கள். நகரின் சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். விடிந்து பார்த்தால், நகரின் நடுவே உள்ள சென்ட்ரல் பூங்காவில் விழுந்தது சுமார் 25 சென்டிமீட்டர்தான். மக்கள் கோபப்பட்டார்கள். ஆனால் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இஸ்லிப் பகுதியில் 60 சென்டிமீட்டருக்கும் மேல் பனி விழுந்திருந்தது. புயல் சற்றுக் கிழக்கே நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பனிப்புயல் வரும் முன்பே, கணக்கு முறைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஐரோப்பிய முறை அதிகப் பனி என்றது. அமெரிக்க முறை குறைவு என்றது. இந்த முரண்பாடு மக்களுக்குத் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. நியூஜெர்சி, பிலடெல்பியா பகுதிக்கான அலுவலகத்தின் தலைவர் கேரி ஸாட்கோவ்ஸ்கி, ட்விட்டரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அந்தத் துறையே பின்னர் ஒப்புக்கொண்டது.

இரண்டாவது நம் பக்கத்தில் நடந்தது. அங்கே சொன்னதை விடக் குறைவு. இங்கே எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு அதிகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பேய் மழை பெய்தது. 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர்! அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை விட இது அதிகம். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, எங்கள் ஊரில் இருந்து பஸ் ஏறினால் போய்விடும் கோவில்பட்டியில் 53. திருச்செந்தூரில் இருந்து புறப்பட்ட ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. பலர் உயிரிழந்தனர்.

இதற்குக் காரணம் பெயர் வைத்த புயல் அல்ல. குமரிக் கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சிதான். பெயர் இல்லாததால் பலர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு அரசுகளுக்கு இடையே வாதம் எழுந்தது. 12ஆம் தேதியே கனமழை பற்றிச் சொல்லிவிட்டார்கள் என்றது மத்திய அரசு. இவ்வளவு பெய்யும் என்று யாரும் சொல்லவில்லை என்றது மாநில அரசு. என்னைக் கேட்டால், இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. பிரச்னை, சொல்லும் முறையில் இருக்கிறது.

சொற்களுக்குப் பின்னால் எண்கள்

டி.வி.யில் கேட்கும் வானிலைச் சொற்கள் வெறும் அலங்காரம் அல்ல. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஒரே நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இங்கேதான் சிக்கல். 21 சென்டிமீட்டரும் அதி கனமழை. 95 சென்டிமீட்டரும் அதி கனமழை. ஒன்று தெருக்களிலும் தாழ்வான இடங்களிலும் வெள்ளத்தைத் தேக்கும். மற்றது ஊரையே மூழ்கடிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே சிவப்பு நிறம்.

அதே போல் "ஓரிரு இடங்களில்" என்றால், அந்தப் பகுதியில் 25 சதவீதம் வரையிலான இடங்களில் என்று பொருள். "ஒரு சில இடங்களில்" என்றால் 26 முதல் 50 சதவீதம். நாளைக் கணக்கிடுவதிலும் ஒரு விஷயம் உண்டு. மழை அளவு காலை 8.30 மணியில் இருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை எடுக்கப்படுகிறது. 18ஆம் தேதிப் பட்டியலில் இருக்கும் மழையில் பெரும் பகுதி 17ஆம் தேதி பெய்ததாகவே இருக்கும்.

நிறங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு.

இவற்றைப் பார்ப்பது எளிது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தைத் திறந்து, தமிழில் உள்ள அறிக்கையைப் படியுங்கள். படிக்கும் முன் அது எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வெளியானது என்று பாருங்கள். போன ஆண்டு ரெட் அலர்ட்டை இந்த ஆண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அடுத்த 3 மணி நேரத்திற்கான மாவட்ட அறிவிப்பும் தனியாக வெளியாகிறது. மக்காச்சோளத்தைப் பரப்பும் முன் பார்க்க வேண்டியது அதைத்தான். மொபைலில் பார்ப்பவர்களுக்கு இந்திய வானிலைத் துறையின் மௌசம், இடி மின்னலுக்கு தாமினி, தமிழக அரசு 2024ல் வெளியிட்ட டி.என். அலர்ட் ஆகிய செயலிகள் இருக்கின்றன. அனைத்தும் இலவசம்.

புலி வருது என்ற பயம்

"சந்தேகத்தை எல்லாம் மக்களிடம் சொன்னால் குழம்பிவிடுவார்கள். அடிக்கடி பயமுறுத்தினால் புலி வருது கதையாகிவிடும்" என்று சிலர் சொல்லலாம். இதை நான் ஏற்கவில்லை. புலி வருது கதையில் சிறுவன் செய்த தவறு, வராத புலியை வந்ததாகச் சொன்னது. "புதருக்குள் ஏதோ அசைகிறது, பாதிக்குப் பாதி புலியாக இருக்கலாம்" என்று சொல்லியிருந்தால் ஊர் அவனை நம்பியிருக்கும். சந்தேகத்தோடு வாழ்வது நம் மக்களுக்குப் புதிதல்ல. மானாவாரி விவசாயி ஒவ்வொரு விதைப்பிலும் அதைத்தான் செய்கிறார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியைக் காயப் போடுபவரும், சிவகாசியில் பட்டாசைக் காய வைப்பவரும் தினமும் வானத்தைப் பார்த்து ஒரு கணக்குப் போடுகிறார்கள். அவர்களுக்குத் தேவை ஆம், இல்லை என்ற பதில் அல்ல. நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு, மிக மோசமானால் எவ்வளவு பெய்யும் என்ற இரண்டு எண்கள்தான்.

எனவே வானிலைத் துறையிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அதி கனமழைக்கு மேலே இன்னும் ஒரு படி வேண்டும். இரண்டு, தமிழ் அறிக்கையில் மாவட்டத்தோடு நிற்காமல், மலையடிவாரம் தனி, சமவெளி தனி என்று பிரித்து, வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சூப்பர் கம்ப்யூட்டர் போட்ட 21 விடைகளையும் கண்ட பிறகு, மக்களுக்கு ஒரே ஒரு விடையை மட்டும் சொல்வது நியாயமில்லை.

நம் பக்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முன்னறிவிப்பைப் பார்த்தவுடன், "மழை வருமா?" என்று கேட்காமல், "வந்தால் நான் எதை இழப்பேன்?" என்று கேளுங்கள். துணி நனைவது மட்டும்தான் இழப்பு என்றால், 30 சதவீத வாய்ப்பை ஒதுக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். ஆறு மாத உழைப்பு களத்தில் கிடந்தால், 30 சதவீதமே அதிகம். வீட்டில் குழந்தைகள் இருந்து, வீடு தாழ்வான இடத்தில் இருந்தால், ஆரஞ்சு நிறத்திலேயே மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

எங்கள் அடுத்த தெரு விவசாயி இப்போதும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத்தான் களத்திற்குப் போகிறார். முதலில் அறிக்கையின் தேதி, பிறகு 3 மணி நேர அறிவிப்பு. அது முடிந்ததும் வாசலுக்கு வந்து மேற்கு மலையை ஒரு முறை பார்க்கிறார். களத்து ஓரத்தில் தார்ப்பாய் மடித்துத் தயாராக இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரிலும் இன்றே ஊரை மாற்றி அமைத்து, ஒரு நாள் அறிக்கையை முழுவதுமாகப் படித்துப் பாருங்கள்.