ஒரே மாலையில் அடை வைப்போம்

நாட்டுக்கோழி ஒரு சுற்றில் 10 முதல் 15 முட்டை வரை இடும். பிறகு அடைக்கு உட்கார்ந்துவிடும். அப்போது என்ன செய்வது என்று கேட்டு வருபவர்களுக்கு நம்மில் பலர் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறோம்: முட்டையை இன்குபேட்டரில் வை, கோழியை அடை தெளிய வை, சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும். 200 கோழி வைத்திருப்பவருக்கு இது சரியான கணக்கு. கொல்லையில் எட்டுப் பத்து கோழி மேய்ப்பவருக்கு இது பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அவர் வீட்டில் நட்டம் நேர்வது முட்டை எண்ணிக்கையில் அல்ல. குஞ்சு வெளிவந்த பிறகு வரும் முதல் சில வாரங்களில்தான். குளிர், ஈரம், காக்கை, பருந்து, கீரி, இவை எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளைக்கழிச்சல். முதல் வாரம் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பல்பு மாட்டி அதைத் தரலாம்தான். மின்சாரம் நின்ற இரவில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிக் கிடக்கும். அடைக்கோழிக்கு இந்தக் கவலை இல்லை.

இன்குபேட்டரில் பொரித்த ஒரு நாள் குஞ்சுகளைக்கூட அதனிடமே ஒப்படைக்கலாம். சில நாட்களாவது நன்றாக அடையில் இருந்த கோழியாகப் பார்த்து, இருட்டிய பிறகு முட்டைகளை எடுத்துவிட்டுக் குஞ்சுகளை அடியில் விட வேண்டும். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். விடிந்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொத்தினால் குஞ்சுகளை உடனே எடுத்துவிடலாம். அடைக்குச் சிறுவிடைக் கோழிதான் ஏற்றது. பெருவிடை கனமானது, மிதித்தே முட்டையை உடைத்துவிடும்.

அடை தெளிவிக்கத்தான் வேண்டுமென்றால் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகுவது, வெயிலில் கட்டிப்போடுவது எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லுங்கள். அது வைத்தியம் அல்ல, வதை. வயிற்றுக்கு அடியில் முட்டையும் கூட்டின் கதகதப்பும் படும் வரை, அடையில் உட்கார வைக்கும் புரோலாக்டின் சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே கம்பிவலைத் தரையுள்ள கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சமான இடத்தில் வைத்து, தீனியும் தண்ணீரும் கொடுங்கள். அடியில் காற்றோட்டம் இருந்தால் பெரும்பாலான கோழிகளுக்கு மூன்று நான்கு நாட்களில் தெளிந்துவிடும்.

இனி தடுப்பூசி. வீட்டுக்குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கும் லசோட்டா சொட்டு 7ஆம் நாள் கிடைக்காமல் போவதற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல. மருந்துக்குப்பியில் குறைந்தது 100 குஞ்சுகளுக்கான மருந்து இருக்கும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். 9 குஞ்சுக்காக யார் குப்பியைத் திறப்பார்கள்? தெருவில் ஆறேழு வீடுகள் பேசிவைத்துக்கொண்டு ஒரே மாலையில் அடை வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். முந்தி உட்கார்ந்த கோழியை இரண்டு மூன்று பொய்முட்டை வைத்துச் சில நாள் காத்திருக்க வைக்கலாம். அடை வைத்த 7ஆம் நாள் இருட்டில் கைப்பேசி வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்து, கூமுட்டைகளைக் கழித்துவிட்டு, இரண்டு கோழியின் நல்ல முட்டைகளை ஒன்றின் கீழ் சேர்த்துவிடலாம். ஒரே மாலையில் வைத்ததால் இது முடிகிறது. வெவ்வேறு நாளில் வைத்த முட்டைகளைக் கலந்தால் முதல் குஞ்சுகள் வந்ததும் தாய் எழுந்துவிடும், மீதி முட்டை வீணாகும்.

கோடையில் சேர்த்துவைக்கும் முட்டை மட்டும் தனிக்கவனம் கேட்கும். சித்திரை வெயிலில் அடை வைக்கும் முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி இறந்துவிடும். ஈரமணல் மேல் வைத்த மண்பானையில் முட்டைகளை வைத்து, ஒரு வாரத்துக்குள் அடையில் வைத்துவிட வேண்டும்.

கிராமங்களுக்குச் செல்லும் கால்நடை மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். லசோட்டா போட அடுத்து எந்த நாளில் வருவீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அதிலிருந்து, அடைக்காலமும் குஞ்சின் முதல் 7 நாளும் சேர்த்து, 28 நாள் பின்னோக்கி எண்ணி அடை வைத்துக்கொள்ள வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.