குறை சொல்லும் முன்



பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸோன் 1932இல் எடுத்த படமொன்று உலகப் புகழ்பெற்றது. வளைந்திறங்கும் படிக்கட்டின் கீழே சைக்கிளோட்டி ஒருவர் மங்கலாக விரைந்து செல்வார். 2006இல் ஃபிளிக்கர் இணையத்தளத்தில், படங்களை விமர்சித்து வாக்களிக்கும் ஆர்வலர் குழுவொன்றில் ஒருவர் அப்படத்தை இட்டார். அதனை அடையாளங் காணாத பலர், தெளிவில்லையென்று கூறி நீக்கிவிடுமாறு வாக்களித்தனர்.

அந்த மங்கலே சைக்கிளின் வேகமல்லவா? விதியை அறிந்திருந்தார்கள், படத்தைப் பார்க்கவில்லை. முகமறியாதவருக்குத் தீர்ப்பெழுத ஒரு நொடி போதுமே! புதிதாகக் கமராவைக் கையிலெடுத்த இளைஞனின் படமாக அது இருந்திருந்தால், அவன் அன்றே அதை மூடிவைத்திருப்பான்.

அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் வரும் அப்பொல்லோவை நினைத்துப் பாருங்கள். சொல்வன்மை மிக்கவர், ஆயினும் யோவானின் ஞானஸ்நானத்துக்கு அப்பால் அறியாதவர். எபேசுவில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் முதலில் அவர் பேசியதைக் கேட்டார்கள். பின்னர் எல்லோர் முன்னிலையிலும் திருத்தாமல், தம்மோடு அழைத்துச் சென்று விளங்கப்படுத்தினார்கள். வேதத்தில் தேர்ந்த அவரும் கூடாரத் தொழிலாளரிடம் கற்றுக்கொள்ள மறுக்கவில்லை. இவ்விரண்டில் பின்னதே கடினம் என்பேன். அதன்பின் அகாயாவுக்குச் சென்ற அப்பொல்லோ, அங்குள்ள விசுவாசிகளுக்குப் பெருந்துணையாக விளங்கினார்.