பெட்ரோல் வாடை பழைய காரின் குணம் அல்ல



உங்கள் வீட்டில் பழைய புரோட்டோன் சாகாவோ கஞ்சிலோ இருக்கிறதா? காலையில் பள்ளிக்குப் போக அதில் ஏறும்போது பெட்ரோல் வாடை அடிக்கிறதா? “பழைய காடினா அப்படித்தான்” என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். என் அப்பாவும் அதைத்தான் சொன்னார். அறிவியல் ஆசிரியராக இருந்துகொண்டே நானும் சில மாதங்கள் அதை நம்பினேன். அது தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடு. அப்பாவின் சாகா இஸ்வாரா இரவில் கேட்டுக்குள், வாசலை ஒட்டி நிற்கும். வாடை வந்தபோது முதலில் காட்டிய பட்டறையில் ஒரு கிளிப்பை இறுக்கி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் வாடை இல்லை, பிறகு திரும்பியது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அம்மா வாசலில் விளக்கேற்றப் போனார். வாடை முன்னறை வரை வந்திருந்தது. தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “மொதல்ல அந்தக் காடிய என்னான்னு பாரு, அப்புறம் வெளக்கேத்துறேன்” என்றார். அன்று எனக்குப் பாடம் நடத்தியவர் அவர்தான்.

அம்மாவின் பயம் சரியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகக்கூடியது. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். 100 மில்லிலிட்டர், அதாவது அரைக் குவளை பெட்ரோல், முழுவதும் ஆவியானால் சுமார் 20 லிட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் 1.4 விழுக்காடு பெட்ரோல் ஆவி கலந்தாலே அது எரியும். ஆக, அந்த அரைக் குவளையால் 1,400 லிட்டர் காற்றை எரியும் கலவையாக்க முடியும். அது ஒரு சிறிய காரின் உட்புறத்தில் ஏறக்குறைய பாதி. மேலும், இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து கால்வாயிலும் வாசற்படியிலும் தங்கும். விளக்கும் கொசுவர்த்தியும் இருப்பது அங்கேதான்.

சரி, குழாய் ஏன் கசிகிறது? நம் தாத்தா பாட்டிமார் தோட்டங்களில் பால்மரம் வெட்டினார்கள். அந்த இயற்கை இரப்பர் டயருக்கு உதவும், பெட்ரோல் குழாய்க்கு உதவாது. இயற்கை இரப்பரும் ஹைட்ரோகார்பன், பெட்ரோலும் ஹைட்ரோகார்பன். இனம் இனத்தோடு சேரும். இரப்பர் பெட்ரோலை உறிஞ்சி ஊதிப்போகும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஊதிய பலூன் மீது ஆரஞ்சுத் தோலைப் பிழியுங்கள். தோலில் உள்ள லிமோனின் என்ற ஹைட்ரோகார்பன் பட்ட இடத்தில் பலூன் பெரும்பாலும் வெடித்துவிடும். பெட்ரோலை வைத்து மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அதனால்தான் எரிபொருள் குழாய்களை நைட்ரைல் போன்ற செயற்கை இரப்பரில் செய்கிறார்கள். அதற்கும் வயது உண்டு. இயந்திரச் சூடும் ஆக்சிஜனும் ஓசோனும் அதன் மூலக்கூறு சங்கிலிகளைத் தாக்குகின்றன. இளக்கத்தைத் தரும் பொருள்களைப் பெட்ரோல் மெல்லக் கரைத்தெடுக்கிறது. இரப்பர் இறுகி, வெடிப்பு விடுகிறது. அப்படிப்பட்ட குழாயில் கிளிப்பை இறுக்கினால் வெடிப்பு அதிகமாகும், கசிவு நிற்காது.

இனி உங்கள் வேலை: உற்றுநோக்கல். வாடை எப்போது வருகிறது? நிறுத்திய காரிலா, ஓடும்போதா, பெட்ரோல் நிரப்பியவுடனா? நிரப்பியவுடன் என்றால் மூடியையோ தொட்டியின் மேற்புறக் குழாய்களையோ சந்தேகிக்கலாம். கார்புரேட்டர் உள்ள பழைய சாகாவில் இயந்திரம் ஓடும்போதுதான் பம்பும் ஓடும். ஆகவே ஓடும்போது வாடை கூடினால் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடைப்பட்ட குழாயை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இயந்திரம் ஆறிய பிறகு, பெரியவர் ஒருவருடன், கைவிளக்கின் வெளிச்சத்தில் ஈரத்தையும் பழுப்புக் கறையையும் தேடுங்கள். தீக்குச்சி, லைட்டர் பக்கத்திலேயே வரக்கூடாது. சொட்டுவதைக் கண்டால் இயந்திரத்தை முடுக்கவே வேண்டாம்.

எங்கள் காரைச் சரிசெய்த இரண்டாவது மெக்கானிக் அண்ணன், குழாயைத் துடைத்துவிட்டு லேசாக வளைத்தார். வெளியே நன்றாகத் தெரிந்த குழாயில் வரிவரியாக வெடிப்புகள். “ஒன்னு போச்சுன்னா மத்ததும் அதே வயசுதான் சார்” என்று எல்லா இரப்பர் குழாய்களையும் மாற்றினார். மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். அதே உள்விட்டமுள்ள குழாய், புதிய கிளிப்புகள், கடைசியில் இயந்திரத்தை ஓடவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் பார்த்தல். ஒன்றைக் கவனியுங்கள்: எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் கார்களில் அழுத்தம் கார்புரேட்டர் காரைவிடப் பத்து மடங்கு வரை இருக்கும். அங்கே சாதாரணக் குழாய் போதாது, ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்று அச்சிட்ட வகை வேண்டும். காரின் அடியில் ஓடும் இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தால் அதையும் மாற்றவேண்டும்.

“பழைய காரையே ஒழித்துவிடலாமே” என்று சிலர் சொல்வார்கள். 2009-இல் 15 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்குக் கட்டாயச் சோதனை என்று அரசாங்கம் அறிவித்தது. மக்கள் எதிர்த்ததால் அதே ஆண்டில் கைவிட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. புதிய கார் வாங்க முடியாத குடும்பத்துக்குப் பழைய கார்தான் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வழி. ஆனால், சோதனை வேண்டாம் என்று சொன்ன நாம், சோதிக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றிருக்கிறோம். சாலை வரியைப் புதுப்பிக்கும்போது நம் சொந்தக் காரின் குழாயை யாரும் பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

இதற்குப் பள்ளி அறிவியல் கழகங்கள் முன்வரலாம். அக்கம்பக்கத்து மெக்கானிக் ஒருவரை அழைத்து, கழற்றிய பழைய குழாயையும் புதிய குழாயையும் மாணவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். படிவம் 5 வேதியியலில் பாலிமர் பாடத்துக்கு இதைவிட நல்ல துணைப்பொருள் எனக்குத் தெரியவில்லை.

நாளைக் காலை காரில் ஏறும்போது மூக்கை நம்புங்கள். வாடை அடித்தால் வீட்டில் சொல்லுங்கள். “பழைய காடினா அப்படித்தான்” என்று பதில் வந்தால், அரைக் குவளைக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.