அணைக்குக் கீழேயும் ஆறு உண்டு

ஐப்பசி மழையில் கோமுகி அணை 44 அடியைத் தொட்டால் கச்சிராயபாளையத்தில் அன்றைய பேச்சே அதுதான். முழு உயரம் 46 அடி. பாதுகாப்புக் கருதி இரண்டடியை விட்டுவைத்து, வருகிற தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுவார்கள். அந்த நாட்களில் கள்ளக்குறிச்சிக்காரர்கள் பாலத்தில் வண்டியை நிறுத்தி ஆற்றை எட்டிப் பார்க்கிறார்கள். மற்ற மாதங்களில் அங்கே எட்டிப் பார்க்கச் சீமைக்கருவேலமும் சாக்கடையும்தான் இருக்கின்றன.

அணையே கூடாது என்று இந்த இதழ் சொல்லவில்லை. 1960களில் கட்டிய கோமுகி அணையும் அதையடுத்து வந்த மணிமுக்தா அணையும் நம் நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் கொடுத்தவை. அதற்காக, வேறிடத்தில் ஆற்றுக்காக நிற்பவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்று ஏச நமக்கு உரிமை வந்துவிடாது. நீலகிரியில் சில்லஹல்லா நீரேற்று மின்திட்டத்தை, 1000 மெகாவாட் திட்டத்தை, தேயிலையும் மலைக்காய்கறியும் போடும் படுகர் ஊர்கள் எதிர்க்கின்றன. அவர்கள் பக்கம் நிற்பதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் நிற்பதற்கு வெறும் குரல் போதாது. கேரளத்தின் சைலன்ட் வேலிக் காட்டில் குந்திப்புழை ஆற்றுக்குக் குறுக்கே அணை வருகிறது என்றபோது, மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தொண்டர்கள் திட்டத்தையே எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். எவ்வளவு மின்சாரம், யாருக்கு ஆதாயம், எவ்வளவு காடு போகும் என்று கணக்குப் போட்டு அச்சிட்டார்கள். தாவரவியல் ஆசிரியர் எம்.கே. பிரசாத் எழுதினார், பேசினார். கவிஞர் சுகதகுமாரி சக கவிஞர்களைத் திரட்டினார். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் செய்தது சம்பளமில்லாத வேலை.

நம்மிடம் அப்படி என்ன கணக்கு இருக்கிறது? கல்வராயன் மலையில் கல்படை, பொட்டியம், மல்லிகைப்பாடிப் பக்கமிருந்து கோமுகிக்கு இறங்கும் ஓடைகள் தை பிறந்தபின் எத்தனை நாள் ஓடுகின்றன? மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நம்மில் யார் எழுதிவைத்தோம்?

1997 மார்ச்சில், அணைகளால் வாழ்விழந்தவர்கள் பிரேசிலின் குரிடிபா நகரில் கூடி மார்ச் 14ஐ ஆறுகளுக்கான நாளாக அறிவித்தார்கள். வரும் மார்ச் 14 அன்று கல்வராயன் மலையேறுவோம். பத்து மீட்டர் கயிறு, ஒரு குச்சி, கைக்கடிகாரம், ஒரு எலுமிச்சம்பழம் போதும். பழத்தை மிதக்கவிட்டு, கயிற்று நீளத்தைக் கடக்க எத்தனை நொடி என்று எண்ணி, ஓடையின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தால் நொடிக்கு எவ்வளவு நீர் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். நோட்டு நாங்கள் கொண்டுவருகிறோம். ஓடையில் தண்ணீரே இல்லையென்றால் அதையும் தேதி போட்டு எழுதிக்கொள்வோம்.