கோமாரியை மறைக்க வைப்பது எது?

மாடு தீனி எடுக்காமல் நிற்கிறது. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிகிறது. நாக்கிலும் ஈறிலும் குளம்புப் பிளவிலும் கொப்புளங்கள். காலை உதறி நொண்டுகிறது. இது கோமாரி, காணை என்றும் சொல்வார்கள். இதைக் கண்டுகொள்ள விவசாயத் தொழிலாளிக்குப் புத்தகம் தேவையில்லை. கிருமி எந்த வகை என்பதை மட்டும் ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. ஆகவே கொப்புளத் தோலை எடுத்து அனுப்பும்படி டாக்டரிடம் வற்புறுத்த வேண்டும்.

வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கன்றோ இதயம் தாக்கப்பட்டுத் திடீரென்று சாகும். பிழைத்த மாட்டுக்கும் பால் வற்றும். உழவு மாடு வெயிலில் இளைக்கும். கறிக்கு விற்கலாமென்றால் எடை இறங்கிய மாட்டுக்கு வியாபாரி சொன்னதுதான் விலை.

கூலி வேலைக்குப் போகிறவனும், மில்லில் ஷிப்டு முடிந்து வந்து பால் கறக்கிறவனும் வைத்திருப்பது ஒரு மாடு, மிஞ்சினால் இரண்டு. நோய் என்று ஊருக்குத் தெரிந்தால் பாலும் போகாது, மாடும் போகாது. எனவே விஷயம் வெளிவருமுன் சந்தைக்கு ஓட்டிவிடுகிறான். பொள்ளாச்சி போன்ற பெரிய சந்தையில் பல ஜில்லா மாடுகள் ஒன்றாக நிற்கின்றன. அங்கிருந்து கேரளத்துக்கு லாரி ஏறுகின்றன. கொப்புளம் தெரியுமுன்பே கிருமியைப் பரப்பும் நோய் இது. 2013-ல் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றும் பட்ட பாடு நினைவிருக்கும்.

சந்தைக்கு ஓட்டுவது தவறு. அதை நாம் மூடி மறைக்கவில்லை. ஆனால் அவனை அப்படி ஓட வைப்பது எது? நோயைக் கிராம அதிகாரியிடம் சொல்வதும், மாட்டைத் தனியே கட்டுவதும் உடையவன் கடமை என்கிறது 2009-ஆம் வருஷத்துச் சட்டம். அந்தக் கடமையைச் செய்த ஏழையின் அடுப்பு மூன்று வாரம் எப்படி எரியும்? பிரிட்டனில் 2001-ல் இதே நோய்க்காக 60 லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொன்றார்கள். கொன்றவற்றுக்கு உடையவர்களிடம் சர்க்கார் பணம் கொடுத்தது. நாம் கொல்லச் சொல்லவில்லை. கட்டி வைத்த நாட்களின் பாலுக்கும் செத்த கன்றுக்கும் ஈடு கொடுங்கள் என்கிறோம்.

ஊசிக்குப் பணமில்லை என்று சொல்ல வழியில்லை. கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்குமாக 13,343 கோடி ரூபாய் என்று 2019-ல் மத்திய மந்திரிசபை அறிவித்தது. ஆனால் ஆறு மாதத்துக்கொரு முறை, ஊரிலுள்ள எல்லா மாட்டுக்கும் போட்டால்தான் பலன். மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். ஐஸ் கரைந்த பெட்டியில் வந்தால் போடுவது வீண். ஊசி போட வருகிறவர்களிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். வெக்கை நோய் 1995-க்குப் பின் இந்தியாவில் தலைகாட்டவில்லை. விடாமல் ஊசி போட்டதால் வந்த பலன் அது.

புதிதாக வாங்கிய மாட்டை 21 நாள் தனியே கட்டுங்கள். 25 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சலவைச் சோடா கரைத்துக் கொட்டிலைக் கழுவுங்கள். கறப்பவர் கையும் காலும் கழுவாமல் அடுத்த கொட்டிலில் நுழையக் கூடாது.

சங்கக் கிளைகள் இந்த மழைக்கு முன்பே கலெக்டரிடம் மகஜர் கொடுக்க வேண்டும். ஊசி வரும் தேதி ஊர்ச் சாவடியில் எழுதப்பட வேண்டும். சந்தை வாசலில் டாக்டர் நிற்க வேண்டும். நோயைச் சொன்னவனுக்கு அந்த வாரமே பணம் கிடைக்க வேண்டும்.