ஈயடிச்சான் காப்பி வேண்டும்!

‘கொஞ்சம் டிப்ளமாட்டிக்கா நடந்துக்குங்க சார்!’

இந்த வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால், உடனே உஷாராகிவிடுங்கள். பெரும்பாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உண்மையைச் சொல்லாதே. சொல்லியே ஆகவேண்டும் என்றால், பாதியைச் சொல். மீதியை மென்று முழுங்கு. ஆபீஸில் மேனேஜரிடம், சம்பந்தி வீட்டில், ஹவுஸ் ஓனரிடம் என்று நாம் எல்லோரும் தினமும் டிப்ளமாட்டிக்காகத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். தமிழில் இதற்கு ‘ராஜதந்திரம்’ என்று பேர் வைத்தாயிற்று. ராஜாக்கள் போய்விட்டார்கள். தந்திரம் மட்டும் தங்கிவிட்டது.

ஆனால், அந்த வார்த்தையின் பூர்வீகமே வேறு. கிரேக்க மொழியில் ‘டிப்ளோமா’ என்றால் இரண்டாக மடித்தது. மடித்த ஏடு, அதாவது பத்திரம். நம்ம ஊர் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்து வாங்குகிறார்களே டிப்ளமா, அதுவும் இதே வார்த்தைதான். 1681ல் மபியோன் என்கிற பிரெஞ்சுத் துறவி ஒரு புத்தகம் எழுதினார். பழைய சாசனம் ஒன்று கைக்கு வந்தால், அது அசலா போலியா என்று கண்டுபிடிப்பது எப்படி? கையெழுத்து, முத்திரை, தேதி, வாசகம் எதையெல்லாம் பார்க்கவேண்டும்? இதுதான் விஷயம். அந்தத் துறைக்குப் பேர் டிப்ளமாட்டிக்ஸ். 1693ல் தத்துவவாதி லைப்னிட்ஸ், தேசங்கள் ஒன்றோடொன்று செய்துகொண்ட பத்திரங்களைத் தொகுத்து வெளியிட்டபோது, புத்தகத்தின் தலைப்பில் இந்தச் சொல்லைப் போட்டார். ‘பத்திரம் சம்பந்தப்பட்ட’ என்ற அர்த்தத்தில். அங்கிருந்து மெள்ள நகர்ந்து, பத்திரத்தை விட்டுவிட்டு, பத்திரம் போடுகிற மனிதர்களின் சாமர்த்தியத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

பழைய சுவடிகளைப் பதிப்பிப்பவர்கள் மட்டும் இன்னும் ஒரிஜினல் அர்த்தத்தை விடவில்லை. ‘டிப்ளமாட்டிக் எடிஷன்’ என்பார்கள். ஏட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே, தப்பு இருந்தால் தப்போடு, அடித்தல் இருந்தால் அடித்தலோடு பிரதி எடுப்பது. திருத்தக்கூடாது. மெருகேற்றக்கூடாது.

இதற்கு நம்மிடம் அழகான ஒரு பேர் இருக்கிறது: ஈயடிச்சான் காப்பி. ஒரிஜினலில் ஒரு செத்த ஈ ஒட்டிக்கொண்டிருந்ததாம். நகல் எடுத்த குமாஸ்தா, தானும் ஒரு ஈயைத் தேடிப்பிடித்து அடித்து, அதே இடத்தில் ஒட்டினாராம். கேலிக்காகச் சொன்ன கதை. எனக்கு என்னமோ அந்த குமாஸ்தா மேல் பெரிய மரியாதை. அவரைப் போல நாலு பேர் இருந்திருந்தால், நம் தண்ணீர்ச் சண்டைகளில் பாதி இந்த அளவுக்கு வந்திருக்காது.

ஏன் தண்ணீர் என்கிறீர்களா? ராயப்பன்பட்டிக்கு வாருங்கள்.

தேனி மாவட்டம், உத்தமபாளையம் பக்கம். மேகமலை அடிவாரம். பக்கத்திலேயே சண்முகா நதி அணை. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பள்ளத்தாக்கு. இந்த ஊரில் ஒருவர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் எதையெல்லாம் பார்ப்பார்? நாலு எல்லை. எத்தனை வருஷம். கிணற்றில் பங்கு எவ்வளவு. வண்டிப்பாதை உண்டா. ‘அதெல்லாம் டிப்ளமாட்டிக்கா பேசிக்கலாம்ணே’ என்று யாராவது சொன்னால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். பத்திரம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை.

அதே பள்ளத்தாக்கின் தலைக்கு மேலே, மலையில், இன்னொரு குத்தகைப் பத்திரம் உட்கார்ந்திருக்கிறது. முல்லைப் பெரியாறு. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களின் தண்ணீர் அதில் எழுதியிருக்கிறது. 1886 அக்டோபர் 29 அன்று போட்ட பத்திரம். குத்தகைக்கு விட்டவர் திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள். அவர் சார்பில் கையெழுத்துப் போட்டவர் திவான் ராமய்யங்கார். எதிர்த்தரப்பில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹானிங்டன். 155 அடி மட்டத்துக்குக் கீழே சுமார் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 999 வருஷம்.

கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பத்திரத்தை நீங்கள் படித்திருக்கிறீர்களா? உங்களுக்குத் தெரிந்த யாராவது? மேடையில் இதைப் பற்றி முழங்குகிறவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

படிக்காததால் என்ன ஆகும்? கதை முளைக்கும். ‘உண்மையில் 99 வருஷம்தான். வெள்ளைக்காரன் ஒரு 9ஐ சேர்த்துட்டான்’ என்று மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கதை. பத்திரத்தைத் திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தீர்கிற விஷயம். ஆண்டுக்கணக்கு எழுத்தாலேயே எழுதப்பட்டிருக்கிறது. அது முடிந்ததும் இன்னொரு 999 வருஷத்துக்குப் புதுப்பிக்கவும் ஷரத்து இருக்கிறது. இத்தனை இடத்தில் ஒரு 9 தற்செயலாக வந்து விழாது. ஆனால் யார் திறந்தார்கள்?

சிரிக்காதீர்கள், நம் பக்கமும் கதை உண்டு. பென்னிகுக் சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்று எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? பி.காம். படித்த எனக்குக் கைவந்த கேள்வி ஒன்றுதான்: வவுச்சர் எங்கே? பெரியாறு அணை மதராஸ் அரசாங்கத்தின் பொதுப்பணித்துறைத் திட்டம். அதில் வேலை பார்த்த எஞ்சினீயர் மெக்கன்ஸி எழுதிய திட்ட வரலாறு 1899லேயே வெளிவந்துவிட்டது. சொத்து விற்ற கதையைச் சொல்கிறவர்களிடம் எந்தக் காகிதம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பென்னிகுக் மகத்தான மனிதர். காட்டிலும் மழையிலும் காய்ச்சலிலும் நின்று 1895ல் அணையை முடித்துக் கொடுத்தவர். அவரைப் பெரியவராக்கக் கதை தேவையில்லை. ஆனால் நமக்கு அவர் படத்துக்கு மாலை போடுவது சுலபமாக இருக்கிறது. பத்திரத்தைப் படிப்பது கஷ்டமாக இருக்கிறது.

படித்தவர்கள் என்ன சாதித்தார்கள் தெரியுமா? பெரியாறு தண்ணீரில் கரண்ட் எடுக்க மதராஸ் அரசு ஆசைப்பட்டது. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் பத்திரத்தைக் கையில் எடுத்தார். பாசனத்துக்கு என்றுதானே கொடுத்தோம், மின்சாரத்துக்கு என்று எங்கே இருக்கிறது? வழக்கு நடுவரிடம் போனது. 1941ல் தீர்ப்பு வந்தது: பாசனத்துக்கு மட்டும்தான். மதராஸ் தோற்றது! பிறகு 1970 மே 29ல் இரண்டு துணை ஒப்பந்தங்கள் போட்டபோதுதான் மின்சாரத்துக்கு வழி முறைப்படியானது. அதற்கு விலையாக வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக ஏறியது. மீன்பிடி உரிமையையும் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தோம். ஆமாம், பத்திரம் எப்போதும் நமக்குச் சாதகமாகவே பேசாது. அதனால்தான் அதைப் படிக்கவேண்டும்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். அணையில் தேக்கும் மட்டத்தை 1979ல் 136 அடியாகக் குறைத்தார்கள். 2006 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 142 அடி என்றது. மார்ச்சிலேயே கேரள சட்டசபை ஒரு சட்டத்திருத்தம் போட்டு, 136ஐத் தாண்டக்கூடாது என்றது. மறுபடி கோர்ட். அங்கே கேரளா வைத்த வாதங்களில் ஒன்று: 1886 பத்திரம் இரண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை. 1947 இந்திய சுதந்திரச் சட்டத்தோடு அதெல்லாம் காலாவதி! அதாவது, அது இன்றைய அர்த்தத்தில் ‘டிப்ளமாட்டிக்’ சமாசாரம் என்றார்கள். 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் பெஞ்ச் சொன்னது: இது அரசியல் உடன்படிக்கை அல்ல, சாதாரணக் குத்தகைப் பத்திரம். செல்லும். கேரளச் சட்டம் செல்லாது. 142 அடி தேக்கலாம்.

புரிகிறதா? ராஜதந்திரம் என்று முத்திரை விழுந்திருந்தால் செத்திருக்கும். வெறும் பத்திரமாக இருந்ததால் பிழைத்தது.

‘சரி சார், அது சட்ட பாஷை. வக்கீல்கள் பார்த்துக்குவாங்க. சாமானியனுக்கு எதுக்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். 2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். குமுளி ரோடு அடைபட்டது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களின் கூலி நின்றது. வதந்திக்கு விலை கொடுத்தது வக்கீல் இல்லை, அந்தப் பெண்கள்தான். அணை உடைந்தால் என்ன ஆகும் என்று பெரியாற்றங்கரையில் குழந்தைகளோடு தூங்குகிற மலையாளிக்கு இருக்கிற பயமும் பொய்யில்லை. ஆனால் அது எஞ்சினீயர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி. அணைப் பாதுகாப்புக்கென்றே 2021ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அணை பலமா என்பது ஒரு கேள்வி, பத்திரம் செல்லுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்து கட்டி, மைக் முன்னால் நின்று ‘டிப்ளமாட்டிக்’காகக் குழப்புவதில் இரண்டு பக்கத்துத் தலைவர்களுக்கும் சம பங்கு.

‘மொழிபெயர்ப்பில் தப்பு வந்தால் இன்னும் பிரச்னையாகாதா?’ ஆகும். 1889ல் இத்தாலியும் எத்தியோப்பியாவும் உச்சாலி என்ற இடத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டன. இரண்டு மொழியில் இரண்டு பிரதி. வெளிநாடுகளோடு பேச, எத்தியோப்பியா இத்தாலியின் உதவியை ‘நாடலாம்’ என்றது அம்ஹாரிக் பிரதி. ‘நாடவேண்டும்’ என்றது இத்தாலியப் பிரதி. ஒரு ‘லாம்’, ஒரு ‘வேண்டும்’. அவ்வளவுதான் வித்தியாசம். 1896ல் அட்வாவில் போர். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இத்தாலி தோற்று ஓடியது.

அதனால்தான் சொல்கிறேன், ஈயடிச்சான் காப்பி வேண்டும். நமக்கு இது புதிதும் இல்லை. பத்திரம் கையெழுத்தான மறு வருடம், 1887ல்தான் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். ‘எரி’யா ‘ஏரி’யா என்று பதிப்பாசிரியர்தான் முடிவுகட்டவேண்டும். நெருப்பா, தண்ணீரா? எவ்வளவு பெரிய பொறுப்பு! பல சுவடிகளை ஒப்பிட்டு, எந்தச் சுவடியில் என்ன பாடம் என்று எடுத்து வைத்தாரே, அந்த நேர்மைதான் விஷயம். என் முடிவு இது, ஆனால் ஏட்டில் இப்படியும் இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற நேர்மை. வள்ளுவர் கூட தூது அதிகாரத்தில், தன் அரசன் சொன்ன சேதியை வாய்தவறியும் கெடுக்காமல் சொல்கிற நெஞ்சுரம் உள்ளவனைத்தான் தூதன் என்கிறார். மழுப்புகிறவனை அல்ல.

எனவே கோரிக்கை எளிமையானது. 1886 பத்திரம், 1941 நடுவர் தீர்ப்பு, 1970 ஒப்பந்தங்கள் இரண்டு, 2006, 2014 தீர்ப்புகள். இவற்றை அரசாங்கம் ஒரே புத்தகமாகப் போடட்டும். ஒரு பக்கம் அசலின் போட்டோ. அடுத்த பக்கம் எழுத்துக்கு எழுத்து நகல். அதற்கு எதிரே தமிழ். இரண்டு விதமாக அர்த்தம் கொள்ள வாய்ப்புள்ள இடத்தில் இரண்டையும் போடுங்கள். மொழிபெயர்த்தவர் பேரையும் போடுங்கள். முன்னுரையில் அமைச்சர் படம் வேண்டாம். கேரள அரசு இதையே மலையாளத்தில் செய்யட்டும். செய்யாவிட்டால் நாமே செய்து இடுக்கிக்கு அனுப்பிவைப்போம், காசு ஒன்றும் குறைந்துவிடாது. ஐந்து மாவட்டங்களிலும் ஒவ்வொரு ஊர் நூலகத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். இதே வேலையைக் கச்சத்தீவுக்கும் செய்யலாம். 1974 ஒப்பந்தமும் 1976 கடிதங்களும் சில பக்கங்கள்தான். அரை நூற்றாண்டாக அதை வைத்து ஓட்டு கேட்கிறார்கள். ராமேஸ்வரம் மீனவர் கையில் யாராவது கொடுத்தார்களா?

அடுத்த தேர்தலில் உங்கள் தெருவுக்கு வருகிற வேட்பாளர், ‘முல்லைப் பெரியாறு உரிமையை மீட்போம்’ என்பார். வாழ்க கோஷம் முடியும்வரை பொறுங்கள். பிறகு மரியாதையாக ஒன்று கேளுங்கள்: ‘பத்திரத்தில் எந்த ஷரத்துங்க?’

மென்று முழுங்கினார் என்றால் டிப்ளமாட்டிக்காகப் பேசுகிறார் என்று அர்த்தம். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராயப்பன்பட்டிக்காரர்கள் குத்தகை பேசும்போது செய்வது அதைத்தான்.