கடிகாரத்தில் தெரியாவிட்டால் கற்பனையா?

மாதவிடாய்க்கு முன் வரும் எரிச்சலும் சோர்வும் அழுகையும் உண்மையென்றால் கைக்கடிகாரத்தின் இதயத் துடிப்புப் பதிவில் தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் அது மனப்பிரமை. இதுதான் வாதம். முற்றிலும் தவறு.

1. கருமுட்டை வெளியானபின் புரோஜெஸ்டிரோன் கூடுகிறது. ஓய்விலிருக்கும்போதும் துடிப்பு சற்று உயர்கிறது. துடிப்புகளின் இடைவெளி மாறுபாடு பொதுவாகக் குறைகிறது. எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களிடமும் இதே மாற்றம் உண்டு. பிறகு கடிகாரம் காட்டும் துடிப்புக் கோடு எதற்குச் சாட்சி? சுழற்சியின் கட்டத்துக்கு. துன்பத்துக்கு அல்ல.

2. இதுதான் முக்கியம். 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பெண்களின் சினைப்பைச் சுரப்பை மருந்தால் அடக்கிவிட்டு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் திரும்பக் கொடுத்தார்கள். ஏற்கெனவே அவதிப்பட்டவர்களுக்கு அறிகுறிகள் திரும்பின; மற்றவர்களுக்கு இல்லை. ஹார்மோன் ஒன்றே, உடல் அதை ஏற்கும் விதம்தான் வேறு. தோலில் பச்சை ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவி அந்த வேறுபாட்டை எப்படிக் காணும்?

3. தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வந்தாலும், மது அருந்தினாலும் அதே எண்கள் மாறும்.

4. "அவள் சொல்வது வெறும் உணர்வு, கருவி சொல்வது ஆதாரம்" என்கிறார்கள். மாதவிடாய்க்கு முன் வரும் இந்தத் துன்பத்தின் கடும் வடிவத்தை மருத்துவர்கள் உறுதிசெய்வது எதை வைத்து? குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு அவள் அன்றன்று எழுதிய குறிப்புகளை வைத்து. துடிப்புப் பதிவு அந்தக் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் பயன் உண்டு. குறிப்பேட்டை ரத்துசெய்யும் அதிகாரத்தை அந்தப் பதிவுக்கு யார் கொடுத்தது? இந்தத் துன்பத்தால் விடுப்பு கேட்பவளிடம் துடிப்பு வரைபடம் கேட்கும் உரிமையை மேலாளருக்கு யார் கொடுத்தது?